சாந்திபுரம் பாத

என் தவறால் ஒருவருக்கு வேலை போனது. தவறு என்னுடையது என்று அன்று மதியமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், விசாரணையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பொய் சொன்னேன். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை எழுதுவது சுலபம்.

ஓய்வுபெற்றுப் போகிறவர்கள் பணி அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று கேட்டீர்கள். எல்லோரும் தாங்கள் காப்பாற்றிய சர்வர்களைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்கும் அப்படி இரண்டு மூன்று கதைகள் உண்டு. டீ குடிக்க வரும்போது கேளுங்கள், சொல்கிறேன். திருப்பதியில் இந்தக் கல்லூரியின் கம்ப்யூட்டர் அறையில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதி வைக்க வேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது. நான் இங்கே வேலைக்கு வந்து சேர்ந்ததே இதனால்தான்.

அப்போது சித்தூரில் ஒரு தனியார் பால் கம்பெனியில் இருந்தேன். பாலைத் தனியாரும் வாங்கலாம் என்று ஆனபின் மாவட்டம் முழுக்க முளைத்த கம்பெனிகளில் ஒன்று. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் நான் பொறுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவன். தமிழ் எழுதப் படிக்க நைனா வாரப் பத்திரிகைகளை வைத்துக் கற்றுக்கொடுத்தார். மூன்று மொழியிலும் யாரும் என்னை ஏமாற்ற முடியாது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

என் கீழே செல்வி என்று ஒரு பெண் வேலை பார்த்தாள். நகரியில் விசைத்தறி ஓட்டும் வீட்டுப் பெண். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசி வளர்ந்ததால், அவள் ரகசியம் சொன்னாலும் அடுத்த அறைக்குக் கேட்கும். வேலையில் கெட்டிக்காரி.

கம்பெனிக்குப் பால் வரும் இடங்களிலேயே தூரமானது சாந்திபுரம். குப்பம் டவுனுக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். காலையும் மாலையும் ஊர்க்காரர்கள் கேனில் கொண்டுவரும் பாலை அங்கே பெரிய தொட்டியில் ஊற்றிக் குளிரவைப்பார்கள். பிறகு டேங்கர் வந்து சித்தூருக்கு எடுத்து வரும். தொட்டியில் பால் நாலு டிகிரியில் இருக்க வேண்டும். ஏறினால் கெட்டுவிடும். அங்கே ஆபரேட்டர் ஒருவர்தான். பால் வரும் நேரத்தில் வரிசையைப் பார்ப்பாரா, பின்னால் போய்த் தொட்டியைப் பார்ப்பாரா? அதற்காகச் செல்வி ஓர் ஏற்பாடு செய்தாள். தொட்டியில் ஒரு சென்சார். அங்கிருக்கும் கம்ப்யூட்டர் சற்றைக்கொரு தடவை மோடம் வழியாகத் தானே சித்தூருக்கு போன் போட்டு டிகிரியைச் சொல்லிவிட்டு வைத்துவிடும். எங்கள் அறையில் ஒரு திரையில் அந்த எண் தெரியும். எண் ஏறினால் மணி அடிக்கும். நாங்கள் உடனே சாந்திபுரத்துக்கு போன் செய்து, 'தொட்டியைப் பார்' என்று சொல்ல வேண்டும். போன் வரவில்லையென்றால் எல்லாம் சரி என்று அர்த்தம். இதுதான் ஆபரேட்டருக்குக் கம்பெனி கொடுத்திருந்த விதி.

சர்வருக்குள் இந்த எண் எப்படிப் போனது என்பது முக்கியம். மோடத்தில் வருவதை ஒரு நிரல் வாங்கும். திரையில் காட்டுவது இன்னொரு நிரல். இரண்டுக்கும் நடுவில் செல்வி ஒரு பைப் வைத்திருந்தாள். உங்களுக்குத் தெரியும், பைப் என்பது பார்க்க ஃபைல் மாதிரி இருக்கும், அதற்கும் ஒரு பெயர் இருக்கும், ஆனால் உள்ளே எதுவும் தங்காது. இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் போய்விடும். அதை அவள் சிஸ்டத்தின் அமைப்பு ஃபைல்கள் இருக்கும் டைரக்டரியிலேயே வைத்திருந்தாள். வாரா வாரம் டேப்பில் பேக்கப் எடுப்பது அந்த ஒரு டைரக்டரியைத்தான், அதனால். சாந்தி என்று போட்டு, புள்ளி வைத்து, பாத என்று பெயர் கொடுத்திருந்தாள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான்.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. எந்த ஃபைலை மாற்றினாலும், பழையதைத் தூக்கிப் போடாமல் அதன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'பாத' என்று சேர்த்து வைப்போம். தெலுங்கில் பாத என்றால் பழையது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. அந்த டைரக்டரியில் அப்படிப்பட்ட பாத ஃபைல்கள் நிறையக் கிடந்தன.

செல்வி ஒரு நாள் வந்து, "சார், எனக்கு அமெரிக்கா ஆர்டர் வந்துச்சு" என்றாள். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த நேரம். அதைச் சரிசெய்ய நம் பிள்ளைகளை விமானம் விமானமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போகுமுன் அவள், "ஒரு சாயந்திரம் உக்காருங்க சார், சாந்திபுரம் வேலைய முழுசா காட்டிட்டுப் போயிடறேன்" என்று கேட்டாள். நான் பொறாமையில் இருந்தேன் என்று இப்போது தெரிகிறது. "நீ கெளம்பும்மா, நான் பாத்துக்கறேன். எனக்குத் தெரியாததா?" என்றேன்.

அவள் போன கொஞ்ச நாளில் அதே இரண்டாயிரம் பயம் எங்கள் கம்பெனிக்கும் வந்தது. சர்வரை அப்கிரேடு செய்ய வேண்டும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பால் முடிந்து மாலைப் பால் வருவதற்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டேன்.

புது சிஸ்டம் ஏறிவிட்டது. பழைய அமைப்பு ஃபைல்களையும் புதிதாக வந்தவற்றையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எங்கள் மாற்றங்களைப் புதியதில் சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் படித்து, வித்தியாசத்தைக் காட்டி, எதை வைத்துக்கொள்ள என்று கேட்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாதி தூரம் போனதும் நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சும்மா நின்றது.

நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் நின்றது. அதற்குள் எங்கள் மேனேஜர் வந்து கதவில் சாய்ந்துகொண்டார். தெலுங்குக்காரர். எங்களோடு தமிழ் பேச முயற்சி செய்வார்.

"சார், சாயந்திரம் பாலுக்கு முந்தி அயிப்போத்துந்தா?"

"முடிஞ்சிடும் சார்."

"போன வாட்டியும் முடிஞ்சிடும்னுதான் செப்பினீங்க. ராமகுப்பம் பால் வண்டி வாசல்லயே நின்னுது."

எந்த ஃபைலில் நிற்கிறது என்று பார்த்தேன். சாந்தி, புள்ளி, பாத. ஏதோ பழைய குப்பை, அதனால்தான் தகராறு செய்கிறது என்று நினைத்தேன். அழித்தேன். ஸ்கிரிப்ட் ஜோராக ஓடி முடிந்தது.

உங்களிடம் தொழில்நுட்பம் பற்றி நான் சொல்லப்போவது இந்த ஓர் இடத்தில்தான். ஃபைல்களை வரிசையாகக் காட்டச் சொன்னால் ஒவ்வொரு வரியிலும் முதலில் ஓர் எழுத்து வரும். சாதாரண ஃபைல் என்றால் சின்னக் கோடு. டைரக்டரிக்கு ஓர் எழுத்து, லிங்குக்கு ஓர் எழுத்து, பைப்புக்கு ஓர் எழுத்து. பெயர் அந்த வரியின் கடைசியில்தான் வரும். நான் கடைசியில் இருந்ததைப் படித்தேன், முதலில் இருந்ததைப் படிக்கவில்லை. ஸ்கிரிப்ட் ஏன் நின்றது? பைப்பின் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஊற்றுவார்கள் என்று காத்துக்கொண்டு நின்றது. அப்கிரேடுக்காக நான்தான் எல்லா நிரலையும் நிறுத்தியிருந்தேனே, யார் ஊற்றுவார்கள்? காரணம் சொல்லாமல் ஒன்று நின்றால் அது எதற்காகவோ காத்திருக்கிறது. அப்போது கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுங்கள். கதவில் யார் சாய்ந்து நின்றாலும் சரி.

எல்லாவற்றையும் மறுபடி இயக்கினேன். சாந்திபுரத்திலிருந்து எண் வந்தது. திரையில் நாலு என்று காட்டியது. மாலைப் பாலும் ஊற்றினார்கள், அப்போதும் நாலு. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

நடந்தது இதுதான். பைப் இல்லாததால், வாங்கும் நிரல் அதே பெயரில் ஒரு சாதாரண ஃபைலைத் தானே உண்டாக்கி அதில் எழுத ஆரம்பித்தது. காட்டும் நிரல் அதிலிருந்த முதல் எண்ணைப் படித்தது, ஃபைல் முடிந்துவிட்டது என்று எண்ணி வேலையை முடித்துக்கொண்டது. திரையில் அந்த முதல் நாலு அப்படியே உறைந்துவிட்டது.

மறுநாள் காலை சாந்திபுரத்தில் கம்ப்ரசர் நின்றது. வெளியே வரிசை. ஆபரேட்டர் கேன் கேனாகப் பால் வாங்கிக்கொண்டிருந்தார். சித்தூரிலிருந்து போன் வரவில்லை, அதனால் அவர் பின்னால் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் திரையில் நாலு. டேங்கர் போய்த் தொட்டியைத் திறந்தபோது பால் புளித்திருந்தது. அத்தனையையும் பின்னாலிருந்த கால்வாயில் திறந்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்களாம்.

செய்தி வந்ததும் சர்வரில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வரியின் முதல் எழுத்தைப் பார்த்தேன். சின்னக் கோடு. அந்த ஃபைலைத் திறந்தேன். நாலு, நாலு, நாலு, பிறகு ஐந்து, ஏழு, ஒன்பது, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே போனது. சாந்திபுரத்து மெஷின் ஒவ்வொரு தடவையும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறது. கேட்க வேண்டியவனின் காதை நான் அடைத்திருக்கிறேன்.

ஃபைலை அழித்தேன். செல்வியின் நிரலைப் படித்துப் பார்த்து, அதே பெயரில் பைப்பைத் திரும்ப உண்டாக்கினேன். திரையில் எண் மாற ஆரம்பித்தது. எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது.

ஆபரேட்டரின் பெயர் முனிரத்தினம். நிலமில்லாத குடும்பம். பால் மையத்தில் ஆபரேட்டர் ஆனதுதான் அந்த வீட்டில் முதல் மாதச் சம்பள வேலை. மேனேஜர் அவரைச் சித்தூருக்கு வரவழைத்தார். அறையில் மேனேஜர், முனிரத்தினம், நான்.

அந்த மையத்தில் மோடத்துக்கும் பேசுவதற்கும் ஒரே போன்லைன். யாராவது போன் பேசிக்கொண்டிருந்தால் மெஷின் கூப்பிட முடியாது. மேனேஜர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"எவர்தோ மாட்டாடினாவு, முனி? யாருகூட பேசிக்கிட்டு இருந்த?"

"யாருகூடயும் பேசல சார். பால் ஊத்திக்கினு இருந்தேன். போனத் தொடவே இல்ல, என் பொண்ணு மேல சத்தியம்."

"அப்போ லைன் ஏன் வரல?"

"வந்துச்சு சார்! அந்த மோடம் டொய்ங் டொய்ங்னு கத்திக்கினேதான் இருந்துச்சு. கம்ப்யூட்டர் சாரயே கேளுங்க. சார், நீங்க சொல்லுங்க சார், வந்துச்சில்ல?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இங்க வரல" என்றேன்.

திரைக்கு வரவில்லை என்பது உண்மைதானே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். படித்தவனுக்கு இந்த வசதி உண்டு. பொய்யைக்கூடச் சரியான சொற்களில் சொல்லத் தெரியும்.

முனிரத்தினத்தை அன்றே வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாந்திபுரம் மையத்தைக் கொஞ்ச காலம் மூடியும் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ராமகுப்பம் வரை போக வேண்டியிருந்தது.

நான் சாப்பிட்டேன், தூங்கினேன், சம்பளம் வாங்கினேன். என் தவறுக்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். தப்பு செல்வியுடையது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு யாராவது 'பழையது' என்று பெயர் வைப்பார்களா? அவள் ஒழுங்கான பெயர் வைத்திருந்தால் நான் ஏன் தொடப் போகிறேன்? இந்தச் சமாதானத்தில் சில மாதங்கள் ஓடின.

பிறகு ஒரு நாள் ஆபீஸ் போன் அடித்தது. அமெரிக்காவிலிருந்து செல்வி. அங்கிருந்தும் அதே குரல். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சௌக்கியம் விசாரித்தாள், பனியைப் பற்றிச் சொன்னாள். அப்புறம் கேட்டாள்.

"நம்ம பாத எப்படி சார் இருக்குது? நல்லா ஓடிக்கினு இருக்குதா?"

"எந்தப் பாத?"

"சாந்திபுரம் பாத சார். டிகிரி வர்ற வழி. அப்கிரேடு பண்ணியிருப்பீங்களே, அதுல ஒண்ணும் ஆவலியே?"

"வழியா? பாதன்னா பழசு இல்லியா?"

செல்வி சிரித்தாள்.

"இன்னா சார் நீங்க, தமிழாளுதான? பாதை சார், பாதை! ஒத்தையடிப் பாத, ரோட்டுப் பாத. ரெட்டிங்ககூடவே இருந்து தெலுங்காவே ஆயிட்டீங்களா?"

நானும் சிரித்தேன். "நல்லா ஓடுதும்மா" என்றேன். வைத்துவிட்டேன்.

அந்தப் பெயரில் தவறே இல்லை. என் வீட்டில் பேசும் சொல் அது. சந்தைக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் நான் ஆயிரம் தடவை சொன்ன சொல். அதைத் தெலுங்காகப் படித்துவிட்டு, வைத்தவள் மேல் பழியைப் போட்டிருந்தேன். செல்வி மேல் சாய்த்து வைத்திருந்த சுமை அந்த ஒரு போனில் என் தலைக்கே திரும்பி வந்துவிட்டது. என் சமாதானம் போனபின் மிச்சமிருந்தது முனிரத்தினத்தின் முகம் மட்டும்தான். 'சார், நீங்க சொல்லுங்க சார், வந்துச்சில்ல?'

மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இப்புடு செப்பி என்ன லாபம் சார்?"

"அவரத் திரும்ப வேலைக்கு எடுக்கணும் சார்."

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "எடுக்கலாம்" என்றார். "மெஷின் தப்பு, மறுபடி செக் பண்ணோம்னு சொல்லிடுவோம். உங்க பேரு வரக் கூடாது. வந்தா கம்பெனி பேரும் வரும். பால் ஊத்துறவங்களுக்கு நம்ம மேல நம்பிக்கை போனா வேற கம்பெனிக்குப் போய்டுவாங்க. அர்த்தமயிந்தா?"

எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்க முடியாது, நிம்மதிதான். வேலையும் திரும்பக் கிடைக்கும், என் பெயரும் தப்பிக்கும். இதைவிட நல்ல முடிவு என்ன? அந்தச் சந்தோஷத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பம் போய் பஸ் மாறி சாந்திபுரத்தில் இறங்கினேன்.

முனிரத்தினம் வீடு எது என்று பெட்டிக்கடையில் கேட்டேன். கடைக்காரர் முழித்தார். பிறகு, "ஓ, போன் முனியா? அந்தப் பக்கம் போங்க" என்றார்.

வாசலில் அவர் மனைவி கன்னியம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். சித்தூர் பால் கம்பெனி என்று சொன்னதும் கையிலிருந்த துணியை உதறினார்.

"வாங்க சார். போன் பேசணுமா? எங்க வூட்ல போன் இல்ல. எங்க வூட்டுக்காரரு ஊர்ல இருக்கிற போனயெல்லாம் ஏற்கெனவே பேசித் தீத்துட்டாரு."

முனிரத்தினம் உள்ளேயிருந்து வந்தார். பெங்களூரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கும் வேலை, வாரக் கடைசியில் ரயிலேறி ஊருக்கு வருவதாகச் சொன்னார். என்னை உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே, வேலை திரும்பத் தருகிறார்கள் என்றேன்.

"ஏன் சார்?"

மேனேஜர் சொல்லிக்கொடுத்த வாசகம் வாயில் தயாராக இருந்தது. மெஷின் தப்பு. அதைச் சொல்ல வாய் திறந்தவன், அவர் முகத்தைப் பார்த்ததும் உள்ளதைச் சொன்னேன். பைப்பை அழித்தது, ஃபைலில் எண் இருந்தது, அதையும் அழித்தது, எல்லாம்.

"அப்போ நான் அனுப்பினது வந்துச்சா?"

"வந்துச்சு."

"பன்னெண்டு டிகிரி வரைக்கும்?"

"வந்துச்சு."

"நீ பாத்த?"

அதுவரை நீங்கள் என்று பேசியவர்.

"பாத்தேன்."

கன்னியம்மா உலர்த்துவதை நிறுத்திவிட்டார். முனிரத்தினம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வேல இருக்கட்டும். என் பொண்ண இஸ்கூல்ல போன் முனி பொண்ணுன்னு கூப்புடறாங்க. இன்னிக்கு சாயந்தரம் பால் ஊத்த எல்லாரும் வருவாங்க. அங்க வந்து சொல்லு."

"மேனேஜர் வெளிய சொல்லக் கூடாதுன்னு..."

"அப்போ பஸ்சு இருக்குது, போ."

கத்தவில்லை. வழி காட்டுகிற மாதிரிதான் சொன்னார். அங்கே நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என் வேலையை, வீட்டுக் கடனை, எல்லாவற்றையும் நினைத்தேன். கடைசியில், பஸ் ஏறிப் போனால் இவர் முகம் கூடவே வரும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

மாலையில் பால் மையத்தின் முன் வரிசை நின்றது. ஆண்களும் பெண்களுமாகக் கேனோடு நின்றார்கள். முனிரத்தினம் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நடுவில் போய் நின்று சொன்னேன். அன்றைக்குப் பால் கெட்டதற்கு முனிரத்தினம் காரணமில்லை, நான்தான் சித்தூர் கம்ப்யூட்டரில் ஒரு பைப்பை எடுத்துவிட்டேன் என்றேன்.

"பைப்பா? பாலு போற பைப்பா சார்?" என்றார் முன்னால் நின்ற ஒருவர்.

"இல்லீங்க. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற பைப்பு. டிகிரி போறதுக்கு."

"அத எதுக்கு நீ கழட்டின?"

"பழசுன்னு நெனச்சிட்டேன்."

"பழசா இருந்தா கழட்டிப் போட்டுடுவியா?" என்றார் ஓர் அம்மா. "எங்க மாமியாகூடத்தான் பழசு."

வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பின்னாலிருந்த ஒரு பெரியவர் சிரிக்கவில்லை.

"அப்போ முனி போன் பேசல?"

"பேசல. அவரு அனுப்பினதெல்லாம் வந்துச்சு. வரலன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"வேலை போயிடும்னு பயம்."

"உன்து போயிடும்னு அவன்து அனுப்பிட்ட."

"ஆமாங்க."

பெரியவர் கேனைக் கீழே வைத்தார். பிறகு வரிசையிலிருந்த ஒருவன் முனிரத்தினத்தைப் பார்த்துக் கத்தினான். "டேய் முனி, உன் பேரு போச்சுடா! இனிமே உன்ன எப்படிடா கூப்புடறது?"

"எங்கப்பன் வெச்ச பேரு ஒண்ணு இருக்குதில்ல, அதச் சொல்லிக் கூப்புடு" என்றார் முனிரத்தினம்.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும், "முன்னாடி ஏறு சார், பின்னாடி புழுதி" என்றார். சார் மட்டும் திரும்பி வந்திருந்தது. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் கம்பெனி வேலைக்குத் திரும்பவில்லை. பெங்களூரில் மூட்டை தூக்கிய இடத்திலேயே குளிர் அறைக்கு ஆபரேட்டர் ஆகி, குடும்பத்தையும் அங்கேயே கூட்டிப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நான் அழித்ததை நான் திருப்பித் தரவில்லை. அவரே தேடிக்கொண்டார்.

நான் சாந்திபுரத்தில் பேசியது எனக்கு முன்பே சித்தூருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. "நான் செப்பினது என்ன, நீங்க செஞ்சது என்ன சார்?" என்று மேனேஜர் கேட்டார். கோபத்தைவிட வருத்தம்தான் அவர் குரலில் அதிகம் இருந்தது. அந்த மாதத்தோடு கிளம்பினேன். அவர் பயந்த மாதிரி யாரும் வேறு கம்பெனிக்குப் போகவில்லை. சாந்திபுரத்துப் பால் குறையவே இல்லை என்று அவரே பிறகு போனில் சொன்னார்.

கொஞ்ச காலம் சும்மா இருந்து, திருப்பதிக்கு வந்து, இந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். இங்கே வருடங்கள் நன்றாகவே போயின. ஒரு தடவை இங்கேயும் அப்கிரேடு நடுவில் ஒரு ஃபைல் வந்தது. முதல் எழுத்தைப் பார்த்தேன், லிங்க். அது வெறும் வழிகாட்டிப் பலகை, உண்மையான ஃபைல் வேறெங்கோ இருக்கிறது. பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு நகலை வைத்தால் அன்றைக்கு எல்லாம் ஓடும். பிறகு ஒருநாள் உண்மையான ஃபைலை யாரோ திருத்துவார்கள், நகல் பழையபடியே நிற்கும். பரீட்சை முடிவுக்காகப் பிள்ளைகள் வெளியே நின்றார்கள், பிரின்சிபல் கதவில் சாய்ந்து நின்றார். நான் வேலையை நிறுத்திவிட்டு, அந்த லிங்கை வைத்துவிட்டுச் சென்னைக்கு மாறிப் போயிருந்தவருக்கு போன் போட்டு, "இதை எதற்கு வைத்தீர்கள்?" என்று கேட்டேன். முடிவுகள் மறுநாள்தான் வந்தன. திட்டு வாங்கினேன். சந்தோஷமாக வாங்கினேன்.

செல்விக்கும் ஒரு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அன்னிக்கு ஒரு சாயந்தரம் உக்காந்திருக்கலாம் சார்" என்றாள்.

போன கோடையில் ஒரு நாள் மதியம், வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரோ வழி கேட்கும் குரல். ஆண் குரல் ஒன்று, பெண் குரல் ஒன்று.

"ஏம்மா, இந்தத் தெருவுல பைப்பு சார் வூடு எது?"

"பைப்பு சாரா? பிளம்பரா?" என்றார் எதிர் வீட்டு அம்மா. "அப்படி யாரும் இங்க இல்லியேப்பா. பெரிய தெருவுல கேட்டுப் பாருங்க."

பேப்பரை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். முனிரத்தினமும் கன்னியம்மாவும் பேத்திக்கு மொட்டை போட்டுவிட்டு மலையிலிருந்து இறங்கி, பழைய மேனேஜரிடம் கேட்டு வாங்கிய தெருப் பெயரோடு வந்திருந்தார்கள். குழந்தையின் தலையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. முனிரத்தினத்துக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. சாந்திபுரத்தில் இத்தனை வருடமும் என் பெயர் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இந்த வூடுதான்" என்றேன்.

கன்னியம்மா பிரசாத லட்டை என் கையில் வைத்துவிட்டு, வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், பைப்பெல்லாம் இருக்கிற எடத்துல இருக்குதா?"